ஹன்லி: கல் சொன்னதும் எலும்பு சொன்னதும்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் என்றொரு துறைமுக நகரம். ஊருக்கு வடக்கே மக்னோலியா கல்லறைத் தோட்டம். அங்கே அருகருகே மூன்று குழுக்களைப் புதைத்திருக்கிறார்கள். மூன்றும் ஒரே படகில் இறந்த குழுக்கள். முதல் குழுவின் 5 பேர் 1863 ஆகஸ்டில் இறந்தார்கள். இரண்டாம் குழுவின் 8 பேர் அதே ஆண்டு அக்டோபரில். மூன்றாம் குழுவின் 8 பேர் 1864 பிப்ரவரியில். ஆனால் இந்தத் தோட்டத்து மண்ணுக்குள் அவர்கள் வந்து சேர்ந்த வரிசை வேறு. இரண்டாம் குழு 1863 நவம்பரிலேயே வந்துவிட்டது. முதல் குழு 2000 மார்ச்சில் வந்தது. மூன்றாம் குழு 2004 ஏப்ரலில்.

செத்த வரிசை ஒன்று, புதைத்த வரிசை ஒன்று. இந்த முன்பின் எப்படி வந்தது என்று தேடப் புறப்பட்டால், ஒரு நினைவிடம் எப்படி உருவாகிறது என்பதில் போய் நிற்கிறோம்.

படகின் பெயர் எச். எல். ஹன்லி. எதிரியின் போர்க்கப்பலை மூழ்கடித்த உலகின் முதல் நீர்மூழ்கி. அடுத்ததாக ஒரு நீர்மூழ்கி அதைச் செய்ய 50 ஆண்டுகள் ஆயின. 1914 செப்டம்பர் 5 அன்று ஜெர்மனியின் யூ-21, பிரிட்டனின் பாத்ஃபைண்டர் கப்பலை மூழ்கடித்தது. அரை நூற்றாண்டு முந்திக்கொண்ட ஹன்லியின் கணக்கைப் போட்டுப் பார்த்தால், எதிரித் தரப்பில் செத்தவர்கள் 5 பேர், சொந்தத் தரப்பில் 21 பேர்.

நீர்மூழ்கி என்றதும் இன்றைய எஃகு அரக்கர்களை நினைத்துவிடக் கூடாது. ஹன்லி ஏறத்தாழ 40 அடி நீளம். உள்ளே உயரம் நான்கு அடி, அகலம் அதற்கும் குறைவு. எஞ்சின் கிடையாது. ஏழு பேர் இடப்பக்கப் பலகையில் வரிசையாகக் குந்தி, எதிரே ஓடும் நீண்ட இரும்புத் தண்டைக் கையால் சுற்ற வேண்டும். கிணற்று ராட்டினம் போல, ஆனால் ஏழு பேருக்கும் ஒரே தண்டு. அது பின்னாலுள்ள விசிறியைச் சுழற்றும். எட்டாவது ஆள் முன்கோபுரத்தில் தலையை நீட்டிக்கொண்டு சுக்கான் பிடிப்பார், மூழ்கவும் எழவும் நெம்புகோலை இயக்குவார். முன்னும் பின்னும் ஒவ்வொரு தண்ணீர்த் தொட்டி. நீரை உள்ளே விட்டால் இறங்கும், கைப்பம்பால் வெளியேற்றினால் ஏறும். தொட்டிகளுக்கு மேல்மூடி இல்லை, அதிகம் நிரம்பினால் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே வழியும். ஏறி இறங்க இரண்டு வாசல்கள், ஒன்றரை அடி அகலம்கூட இல்லாதவை. தோளைச் சாய்த்து, கையைத் தலைக்கு மேல் தூக்கித்தான் நுழைய முடியும். வெளிச்சத்துக்கு ஒரு மெழுகுவத்தி. அதுவே காற்றின் அளவுகோலும்கூட. அது மங்கினால் மூச்சும் குறைகிறது என்று அர்த்தம்.

இதைச் செய்தது அரசு அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1861 ஏப்ரல் 12 அன்று சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் சம்ட்டர் கோட்டை மீது விழுந்த குண்டுகளோடு உள்நாட்டுப் போர் தொடங்கியது. அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளப் பிரிந்துபோன தென் மாநிலங்கள் கான்ஃபெடரசி என்ற கூட்டமைப்பாயின. வடக்கின் கடற்படை அவற்றின் துறைமுகங்களை முற்றுகையிட்டது. பருத்தி வெளியே போகவில்லை, பணம் உள்ளே வரவில்லை. முற்றுகைக் கப்பல்களை மூழ்கடிப்பவருக்குப் பரிசு என்று சார்ல்ஸ்டனின் ஜான் ஃப்ரேசர் வணிக நிறுவனம் அறிவித்தது. நியூ அயர்ன்சைட்ஸ் என்ற பெருங்கப்பலுக்கு மட்டும் 1,00,000 டாலர். நியூ ஆர்லியன்ஸில் சுங்கத் துறையில் வேலை பார்த்த ஹோரஸ் லாசன் ஹன்லியும், ஜேம்ஸ் மெக்லின்டாக், பாக்ஸ்டர் வாட்சன் என்ற இயந்திர வல்லுநர்களும் ஏற்கெனவே இரண்டு நீர்மூழ்கிகள் செய்து பார்த்தவர்கள். முதலாவதை, நகரம் வடக்கின் கையில் விழுந்தபோது தாங்களே மூழ்கடிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது மொபீல் வளைகுடாவில் முழுகிப்போனது. மூன்றாவதுதான் இது. மொபீல் நகரின் பார்க் அண்ட் லயன்ஸ் பட்டறையில் பங்குதாரர்களின் பணத்தில் உருவானது. அப்போது அதை ‘மீன் படகு’ என்றுதான் கூப்பிட்டார்கள். 1863 ஆகஸ்டில் இரண்டு சரக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றி சார்ல்ஸ்டனுக்குக் கொண்டுவந்தார்கள்.

வந்த சில நாட்களில் ராணுவம் படகைப் பிடுங்கிக்கொண்டது. படகைச் செய்தவர்கள் தயங்கித் தயங்கி ஓட்டுகிறார்கள் என்பது தளபதிகளின் குறை. தயக்கத்துக்கு என்ன காரணம் என்பது ஆகஸ்ட் 29 அன்று புரிந்தது. லெப்டினன்ட் ஜான் பெய்ன் தலைமையில் கடற்படை ஆட்கள் ஜான்சன் கோட்டைத் துறையருகே படகில் இருந்தார்கள். வாசல் மூடிகள் திறந்திருந்தன. பெய்ன் தவறுதலாக நெம்புகோலை மிதித்துவிட்டார் என்பது ஒரு சாட்சியம். கடந்துபோன கப்பலின் அலை வாசலுக்குள் புகுந்தது என்பது இன்னொன்று. எப்படியோ, படகு மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கியது. பெய்ன் வெளியே குதித்துவிட்டார். சார்ல்ஸ் ஹாஸ்கர் என்பவரின் கால் மூடியில் மாட்டிக்கொண்டது. படகோடு கடலடிவரை போய், பிறகு காலை உருவிக்கொண்டு மேலே வந்தார். 5 பேர் வரவில்லை.

ஆங்கஸ் ஸ்மித், டேவிட் பிராட்ஃபுட் என்ற இரண்டு முக்குளிப்பாளர்கள் படகை மீட்டெடுத்தார்கள். உடல்கள் ஊதிப்போயிருந்தன. அந்தக் குறுகிய வாசல் வழியாக முழுதாக எடுக்க முடியவில்லை. இது வாய்வழிக் கதையாகவே போயிருக்கலாம். ஆனால் 136 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த எலும்புகளில் வெட்டுத் தடங்கள் இருந்தன.

அடுத்து ஹன்லியே மொபீலிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார். படகைச் செய்த பட்டறையோடு தொடர்புள்ளவர்கள், அதன் குணம் தெரிந்தவர்கள். அக்டோபர் 15 அன்று இந்தியன் சீஃப் என்ற தங்கள் கப்பலுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் எழுவது பயிற்சி. புகுந்தார்கள், எழவில்லை. மூன்று வாரம் கழித்துத் தூக்கியபோது முன்தொட்டியின் வால்வு திறந்தபடியே இருந்தது. படகின் பொறியாளர்களில் ஒருவரான வில்லியம் அலெக்சாண்டர் பின்னாளில் எழுதிய விவரப்படி, ஹன்லி முன்கோபுரத்துக்குள் நின்ற நிலையில் இருந்தார். ஒரு கை மூடியைத் தள்ளியபடி. மறு கையில் மெழுகுவத்தி, ஏற்றப்படவே இல்லை. வெளிச்சம் வருவதற்கு முன்பே வால்வைத் திறந்திருக்கிறார், மூட மறந்திருக்கிறார். படகுக்கு அவர் பெயரை வைத்தது இதற்குப் பிறகுதான்.

இந்தக் குழுவுக்கு உடனடியாக மரியாதையான அடக்கம் கிடைத்தது. பணமும் பெயரும் உள்ளவர் தலைமை தாங்கிய குழு அல்லவா. மக்னோலியா மண்ணுக்கு முதலில் வந்தவர்கள் இவர்கள்தான். இவர்களுக்கு முன்பே இறந்த முதல் குழுவின் 5 மாலுமிகளுக்கு, ஆற்றங்கரையோரம் கடலோடிகளைப் புதைக்கும் பொது இடம்தான் கிடைத்திருந்தது.

சார்ல்ஸ்டனின் கான்ஃபெடரசித் தளபதி போரெகார்டுக்கு வெறுத்துப்போனது. எதிரியைவிட நம் ஆட்களைத்தான் இது கொல்கிறது என்ற முடிவுக்கு வந்திருந்தார். அவரிடம் போய் மன்றாடி மூன்றாவது வாய்ப்பு வாங்கியவர்கள் லெப்டினன்ட் ஜார்ஜ் டிக்சனும் அலெக்சாண்டரும். டிக்சன் இருபதுகளில் இருந்த நீராவிப் பொறியாளர். ஷைலோ போரில் தொடையில் குண்டு பட்டு, கால்சட்டைப் பையிலிருந்த 20 டாலர் தங்கக் காசு அதைத் தடுத்ததால் பிழைத்தவர் என்று ஒரு கதை அவரைச் சுற்றி உலவியது. ஒரு பெண் கொடுத்த காசு என்றும் சொல்வார்கள். இப்படிப்பட்ட கதைகளை நான் பொதுவாக நம்புவதில்லை.

மூன்றாம் குழுவின் பயிற்சியில் ஒரு சம்பவத்தை அலெக்சாண்டர் பதிவுசெய்திருக்கிறார். அடியில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியும் என்று பார்க்க, கடலடி மண்ணில் படகை உட்கார வைத்தார்கள். யாராவது ஒருவர் ‘மேலே’ என்று சொன்னால் உடனே எழ வேண்டும் என்பது ஒப்பந்தம். 25 நிமிடத்தில் மெழுகுவத்தி அணைந்துபோனது. அதன்பிறகு கும்மிருட்டு. அவ்வப்போது ஒருவரை ஒருவர் கூப்பிட்டு நலம் கேட்டுக்கொண்டார்கள். யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பம்பை அடித்தால் பின்தொட்டி காலியாகவில்லை. அலெக்சாண்டர் இருட்டில் பம்பைத் தடவிப் பிரித்து, உள்ளே சிக்கியிருந்த கடற்பாசியை இழுத்துப் போட்டார். மேலே வந்தபோது 2 மணி 35 நிமிடம் ஆகியிருந்தது. கரையில் இருந்தவர்கள் இவர்கள் செத்தார்கள் என்றே முடிவுகட்டியிருந்தார்கள்.

1864 பிப்ரவரி 17 இரவு. சல்லிவன் தீவின் கோடியிலுள்ள பிரீச் கழிமுகத்திலிருந்து ஹன்லி கிளம்பியது. அலெக்சாண்டர் அதில் இல்லை. இரண்டு வாரம் முன்புதான் வேறு வேலைக்கு மொபீல் போகும்படி உத்தரவு வந்திருந்தது. அந்த உத்தரவால்தான் நமக்கு ஒரு சாட்சி மிஞ்சினார். படகின் மூக்கில் சுமார் 16 அடி நீளக் கம்பு, அதன் நுனியில் 135 பவுண்டு கருமருந்து. தானாகப் பாய்ந்து போகும் டார்ப்பிடோ அப்போது வரவில்லை. குத்தீட்டி போலக் கொண்டுபோய் இடிக்க வேண்டும்.

இலக்கு ஹூசடானிக் என்ற வடக்குக் கப்பல், 1,240 டன். காவலுக்கு நின்ற ராபர்ட் ஃப்ளெமிங் என்ற கறுப்பினப் படைஞர் தண்ணீரில் ஏதோ வருவதைப் பார்த்துச் சொன்னார். மரக்கட்டை என்றார் மேலாள். மரக்கட்டை நீரோட்டத்தோடு போகும், இது குறுக்கே வருகிறதே என்றார் ஃப்ளெமிங். மணி ஏறத்தாழ 8.45. பீரங்கிகளை அவ்வளவு கீழே தாழ்த்த முடியவில்லை. கப்பல் தலைவரே இரட்டைக்குழல் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தார். வெடித்தது. ஐந்து நிமிடத்துக்குள் ஹூசடானிக் மூழ்கிக் கடலடியைத் தொட்டது. ஆழம் 30 அடிக்கும் குறைவு என்பதால் 150க்கும் மேற்பட்டோர் பாய்மரக் கயிறுகளில் தொற்றி ஏறித் தப்பினார்கள். ஹேசல்டைன், மஸ்ஸி, ஜான் வில்லியம்ஸ், தியடோர் பார்க்கர், ஜான் வால்ஷ் ஆகிய ஐவர் தப்பவில்லை. அவர்களுடைய பெயர்களை இங்கே வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். ஹன்லி பற்றிய கட்டுரைகளில் அவர்கள் பெரும்பாலும் ‘5’ என்ற எண்ணாகவே வந்துபோகிறார்கள்.

கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த ஃப்ளெமிங் தொலைவில் ஒரு நீல ஒளியைப் பார்த்ததாக விசாரணையில் சொன்னார். கரையிலிருந்த கான்ஃபெடரசிப் படையும் முன்பே பேசிவைத்த சைகை தெரிந்ததாகவும் பதில் சைகை காட்டியதாகவும் பதிவுசெய்தது. ஹன்லி திரும்பவில்லை.

இனி நினைவிடங்களின் கதை. சார்ல்ஸ்டனின் தென்முனையில், கடலைப் பார்த்த வைட் பாயின்ட் பூங்காவில் 1899இல் ஒரு கிரானைட் சின்னம் வைத்தார்கள். டார்ப்பிடோ படகுகளில் போன கான்ஃபெடரசி வீரர்கள் எல்லோருக்குமான பொது நினைவு, குடிநீர் ஊற்றாக அமைந்தது. நீரில் மூழ்கிச் செத்தவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல். இதில் ஏதோ பொருத்தம் இருக்கிறது என்று கட்டியவர்கள் யோசித்தார்களா தெரியாது, ஆனால் எனக்கு அது நெருடுகிறது. அந்தக் காலத்தில் ஹன்லி நான்கைந்து முறை மூழ்கி முப்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது என்றுதான் பரவலாக எழுதினார்கள். தோற்ற தரப்பின் தியாகத்தைப் பாடும் காலம் அது. எண்ணிக்கை கூடக் கூடத் தியாகமும் கூடியது. தெற்கு நகரங்களின் நடுச்சதுக்கங்களில் கான்ஃபெடரசிச் சிலைகள் முளைத்ததும், கறுப்பர்களின் வாக்குரிமையைச் சட்டம் போட்டுப் பறித்ததும் ஒரே தலைமுறையில் நடந்தவை.

சரி, இவ்வளவு பக்தி செலுத்திய ஊர் முதல் குழுவின் 5 பேரை என்ன செய்தது? அவர்களைப் புதைத்த கடலோடிகள் மயானத்தின் மீது, இருபதாம் நூற்றாண்டின் நடுவில், சிட்டடல் ராணுவக் கல்லூரியின் கால்பந்து அரங்கம் எழுந்தது. அரங்கத்தின் பெயர் ஜான்சன் ஹகூட், கான்ஃபெடரசித் தளபதி ஒருவரின் பெயர். கல்லறைக் கற்களை எடுத்தார்கள், உடல்களை எடுக்கவில்லை. அரை நூற்றாண்டாக அந்த எலும்புகளின் மேல் கூட்டம் உட்கார்ந்து ஆரவாரம் செய்தது. 1999இல் தோண்டியபோதுதான் வெட்டுத் தடங்களோடு அவர்கள் வெளிவந்தார்கள். 2000 மார்ச் 25 அன்று மக்னோலியாவுக்கு மாறினார்கள்.

ஏன் சரியாக அந்த ஆண்டுகளில் இவ்வளவு வேகம்? 1995இல் நாவலாசிரியர் கிளைவ் கஸ்லர் பணம் போட்டு நடத்திய தேடுதல் குழு, ஹூசடானிக் கிடந்த இடத்திலிருந்து சுமார் 300 மீட்டர் கடல்பக்கமாக, மணலுக்கு அடியில் ஹன்லியைக் கண்டறிந்தது. 1970லேயே நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று இன்னொருவர் உரிமை கொண்டாடினார், அந்தச் சண்டை நீதிமன்றம்வரை போனது. சட்டப்படி படகு அமெரிக்க அரசின் சொத்து, ஆனால் பராமரிப்பு நிரந்தரமாகத் தென் கரோலினாவுக்கு. இதற்கான மாநில ஆணையத்தின் தலைவராக இருந்தவர் மாநில செனட்டர் கிளென் மெக்கானல். மாநிலச் சட்டமன்றத்தின் கோபுரத்தில் பறந்த கான்ஃபெடரசிக் கொடியைக் காப்பதற்காக வாதாடியவரும் அவரே. கொடியைக் கோபுரத்திலிருந்து இறக்கி வளாகத்திலுள்ள போர்வீரர் சின்னத்தின் அருகே நட்டது 2000 ஜூலை 1 அன்று. அந்த ஏற்பாட்டைச் செய்த சட்டமே போர் நினைவுச் சின்னங்களை எளிதில் தொட முடியாதபடி வேலி போட்டது. ஆகஸ்ட் 8 அன்று, கொடி இறங்கிய ஆறாவது வாரத்தில், ஹன்லி கடலிலிருந்து எழுந்தது. துறைமுகமெங்கும் படகுகள், கரையெங்கும் கூட்டம். தேதிகள் தற்செயலாகப் பொருந்தியவைதான். கூட்டத்தின் உணர்ச்சியைத் தற்செயல் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் பரிசோதனைக் கூடத்துக்குள் வேறொன்று நடந்தது. மூடப்பட்ட பழைய கடற்படைத் தளத்திலிருந்த வாரன் லாஷ் பாதுகாப்பு மையத்தில், குளிர்நீர்த் தொட்டிக்குள் படகை வைத்து, தொல்லியலாளர் மரியா ஜேக்கப்சன் குழுவினர் 2001இல் உள்ளே நிரம்பியிருந்த வண்டலை அடுக்கடுக்காக எடுத்தார்கள். பழைய கொதிகலனை வெட்டி ஒட்டிச் செய்த தகர டப்பா என்று நம்பிவந்த படகு, நீரைக் கிழித்துப் போகும் வகையில் தகடு தகடாக வளைத்து, ரிவெட் தலைகள்கூடத் துருத்தாமல் செய்யப்பட்டிருந்தது. சார்ல்ஸ்டன் அருங்காட்சியக வாசலில் பல ஆண்டுகளாக நிற்கும் மாதிரி, அலெக்சாண்டரின் நினைவிலிருந்து வந்த படத்தை நம்பிச் செய்தது. அது முரட்டு உருளை. நிஜம் அதைவிட நேர்த்தி.

டிக்சனின் எலும்புகள் அருகே தங்கக் காசும் கிடைத்தது. 1860இல் அச்சடித்தது, குண்டு பட்டு வளைந்தது, ஷைலோ என்ற ஊர்ப்பெயரும் 1862 ஏப்ரல் 6 என்ற தேதியும் அவருடைய முதலெழுத்துகளும் பொறித்தது. நான் நம்பாத கதை நிஜமாகிப்போனது, குறைந்தபட்சம் காசின் பங்கு.

எட்டுப் பேரும் அவரவர் இடத்திலேயே இருந்தார்கள். வாசலை நோக்கி முண்டியடித்த தடயம் இல்லை. ஆபத்தில் அடிப்பாரத்தைக் கழற்றிவிடும் ஏற்பாட்டை யாரும் தொடவில்லை. தொட்டி நீரை வெளியேற்றவும் முயலவில்லை. 2013இல், கம்பின் நுனியில் படிந்திருந்த கடல்கட்டியை அகற்றியபோது வெடிகலத்தின் செம்புத் தகடு கிழிந்தபடி ஒட்டியிருந்தது. இருபது அடி தூரத்துக்குள் நின்றே வெடிக்கவைத்திருக்கிறார்கள். 2017இல் ரேச்சல் லான்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், குட்டி மாதிரிப் படகைக் குளத்தில் வைத்து வெடித்துப் பார்த்து, அதிர்வலை நுரையீரலைச் சிதைத்து உட்கார்ந்த இடத்திலேயே கொன்றிருக்கும் என்று எழுதினார். படகைப் பராமரிப்பவர்களும் கடற்படை வரலாற்றாளர்களும் ஏற்கவில்லை. எனக்கு லான்ஸின் வாதம் வலுவாகவே தெரிகிறது, நீல ஒளி ஒன்றுதான் இடிக்கிறது. வெடித்த நொடியிலேயே செத்தவர்கள் சைகை காட்டுவது எப்படி?

இதைவிட முக்கியமானது எலும்பு சொன்ன சேதி. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் டக் ஓஸ்லி எலும்புகளின் கார்பன் ஐசோடோப்பைச் சோதித்தார். மக்காச்சோளம் தின்று வளர்ந்தவர்கள் எலும்பில் ஒரு கணக்கு, கோதுமையும் ரையும் தின்று வளர்ந்தவர்கள் எலும்பில் இன்னொரு கணக்கு. அமெரிக்கச் சிறுவன் சோளம் தின்றான், ஐரோப்பியச் சிறுவன் கோதுமை தின்றான். எட்டில் நான்கு பேர் ஐரோப்பாவில் பிறந்தவர்கள்: பெக்கர், கார்ல்சன், லம்ப்கின், மில்லர். பெக்கருக்கு வயது இருபதைச் சுற்றி. லம்ப்கின் நாற்பதை நெருங்கியவர் அல்லது தாண்டியவர், வாழ்நாளெல்லாம் பல்லில் கடித்த புகைக்குழாய் பற்களில் பள்ளம் தோண்டியிருந்தது. மற்றவர்களில் காலின்ஸ் ஆறடிக்காரர், நான்கடி உயரத்துக்குள் மடங்கி உட்கார்ந்தவர். விக்ஸ் போரின் தொடக்கத்தில் வடக்குக் கடற்படையில் இருந்தவர். 1862இல் காங்கிரஸ் என்ற அவருடைய கப்பலைக் கான்ஃபெடரசியின் இரும்புக்கப்பல் தாக்கி அழித்தபோது கரை சேர்ந்து, அடுத்த மாதமே தெற்குக் கடற்படையில் பெயர் கொடுத்தவர். ரிட்ஜவேயின் கழுத்தருகே ஒரு செம்பு வில்லை கிடந்தது. எஸ்ரா சேம்பர்லின் என்ற பெயரும், கனெக்டிகட் ஏழாம் படைப்பிரிவு என்ற விவரமும் அதில் இருந்தன. முந்தைய ஜூலையில் மோரிஸ் தீவில் செத்த எதிரிச் சிப்பாயின் அடையாள வில்லை அது. போர்க்களத்தில் பொறுக்கிய ஞாபகப் பொருளாக இருக்க வேண்டும். யாரோ எடுத்து, யாரோ கைமாற்றி, கடைசியில் ரிட்ஜவேயின் கழுத்தில்.

ஒரு லட்சியத்துக்காகத் திரண்ட தென்னாட்டு மண்ணின் மைந்தர்கள் என்ற படம் இங்கே ஒட்டவில்லை. துறைமுகம் துறைமுகமாக வேலை தேடியவர்கள், பிழைக்க வந்தவர்கள், பக்கம் மாறியவர்கள். சம்பளமோ சாகசமோ பரிசுப் பணமோ எது இழுத்தது என்று ஆளாளுக்கு மாறுபட்டிருக்கும். அவர்களைக் கோழைகள் என்றோ கூலிப்படை என்றோ சொல்ல நான் வரவில்லை. முந்தைய 13 பேர் எப்படிச் செத்தார்கள் என்று தெரிந்துகொண்டே அந்த வாசலுக்குள் இறங்கியவர்கள் அவர்கள். அந்தத் துணிச்சலை எந்த வாதத்தாலும் குறைக்க முடியாது.

2004 ஏப்ரல் 17 அன்று அந்த எட்டுப் பேரையும் ஊர் திரும்ப எடுத்துக்கொண்டது. குதிரைகள் இழுத்த வண்டிகளில் சவப்பெட்டிகள். கான்ஃபெடரசிச் சீருடை அணிந்த ஆயிரக்கணக்கான ஆண்கள், கறுப்பு உடையில் விதவை வேடமிட்ட பெண்கள். தென்முனையிலிருந்து மக்னோலியாவரை ஏழு கிலோமீட்டர் ஊர்வலம். ‘கடைசி கான்ஃபெடரசி இறுதிச் சடங்கு’ என்று பத்திரிகைகள் எழுதின. சோதனைக் கூடம் மூன்று ஆண்டுகள் உழைத்து எட்டுத் தனி மனிதர்களைப் பிரித்தெடுத்துத் தந்தது. சடங்கு ஒரே நாளில் அவர்களை மறுபடியும் ஒரு கொடிக்குள் சுருட்டியது.

நம் நடுகல் மரபில் ஆநிரை கவரப் போய் மாண்டவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போய் மாண்டவனுக்கும் கல் உண்டு. மாடு யாருடையது என்று கல் தீர்ப்புச் சொல்வதில்லை. அப்படிப் பார்த்தால் மக்னோலியாவின் கற்கள்மீது குறை சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். குறை அந்தக் கற்களில் இல்லை. இந்தத் துறைமுகத்தின் மற்றக் கற்களைத் தேடும்போதுதான் தட்டுப்படுகிறது. 1862 மே 13 விடியலில் ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமை மாலுமி, பிளான்டர் என்ற கான்ஃபெடரசிக் கப்பலை, தன் குடும்பத்தையும் தோழர்களையும் ஏற்றிக்கொண்டு, இதே சம்ட்டர் கோட்டையின் பீரங்கிகளைத் தாண்டி ஓட்டிப்போய் முற்றுகைக் கடற்படையிடம் ஒப்படைத்தார். ஓர் உயிர்கூடப் போகவில்லை. பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். 1865 மே 1 அன்று, போர் முடிந்த சூட்டில், இதே ஊரின் பழைய குதிரைப் பந்தயத் திடலில் சுமார் 10,000 பேர், பெரும்பாலும் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள், கூடினார்கள். அங்கே சிறைமுகாமில் செத்து மொத்தமாகப் புதைக்கப்பட்டிருந்த 257 வடக்குச் சிப்பாய்களை முந்தைய நாட்களிலேயே தனித்தனியாக அடக்கம் செய்து, வேலி கட்டியிருந்தார்கள். அன்று அந்தக் கல்லறைகளில் பூப்போட்டார்கள். அமெரிக்கா இன்று கொண்டாடும் போர்வீரர் நினைவு நாளுக்கு அதுதான் முதல் முன்னோடி என்று வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட் காட்டும்வரை, அந்த நாளை ஊர் நூறாண்டுக்கும் மேலாக மறந்தே இருந்தது.

ஹன்லி இன்னும் அந்தக் கூடத்தில், காரக் கரைசலில் ஊறிக்கொண்டிருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டாக இரும்புக்குள் ஏறிய உப்பை வெளியே இழுக்கும் வேலை. பார்வையாளர்கள் வருகிறார்கள். இறந்த 21 பேரின் பெயர்களும் இப்போது கிடைக்கின்றன.

இந்தப் படகோடு சம்பந்தப்பட்ட ஒரு காகிதம் மட்டும் எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. 1863 நவம்பரில், ஹன்லியையும் அவருடைய ஆட்களையும் உள்ளேயிருந்து எடுத்துப் புதைத்த சில நாட்களில், டிக்சன் மேலிடத்துக்கு எழுதிய சிறு கடிதம். படகைச் சுத்தம் செய்ய வேண்டும், அதற்கு இன்னின்னது தேவை என்று கேட்கிறார். பத்து கறுப்பர்கள். சோப்பு. தூரிகைகள். சுண்ணாம்பு. மூன்று வாரம் எட்டுப் பிணங்கள் கிடந்த நான்கடி உயரக் குழாய் அது. கழுவியவர்கள் அந்த ஒன்றரை அடி வாசல் வழியாக, கையைத் தலைக்கு மேல் தூக்கித்தான் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். டிசம்பரில் படகு பயிற்சிக்குத் தயாராக இருந்தது.